அக்காவின் மிஸ்டு காலும் ஐந்து வகைப் பாக்கெட்டுகளும்

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது நான் மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். வேங்கிக்காலைத் தாண்டி, வேலூர் ரோட்டில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. செல்போன் வைத்திருப்பவர்கள் அதைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்ட காலம்.

வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு சிறிய போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா. பின்பக்க அறைகளை ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டுவிட்டு, மீதி இருந்ததை எங்களுக்குக் கொடுத்திருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் அம்மா படுக்கையில் இருந்த அப்பாவை விட்டு நகர முடியாது. "வேலையை விட்டுடு" என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால்தான் எனக்குப் பயமாக இருந்தது. நானாகவே சொல்லிவிடுவேன் என்று எல்லாரும் காத்திருப்பதுபோல் தோன்றும்.

அப்போது என் கணவருடைய அக்கா, கீழ்பென்னாத்தூரிலிருந்து, "நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்களுக்கு அங்கே நிலம் இருந்தது. நெல்லும், அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையும் போடுவார்கள். தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்த்து, ஒருத்தியைக் கட்டிக்கொடுத்து, ஒருவனை வேலைக்கு அனுப்பியாகிவிட்டது. தினமும் காலையில் பஸ் பிடித்து வருவார், நான் வீடு திரும்பியதும் பஸ் பிடித்துப் போவார். எனக்கு நாத்தனார் முறை என்றாலும் அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை நல்ல மனநிலையில் இருந்தால் "ஏம்மா" என்பார், இல்லையென்றால் "டீச்சரம்மா" என்பார்.

என் கணவர் ஒரு பழைய செல்போன் வாங்கி அக்காவிடம் கொடுத்தார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் பிறந்தது. மதியத்துக்கு முன்னால் பாப்பா சாப்பிட்டுத் தூங்கியதும் அக்கா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் எடுக்கக் கூடாது. ஒரு ரிங் வந்து நின்றால் எல்லாம் நலம் என்று பொருள். ஏதாவது என்றால் விடாமல் அடிப்பார்.

முதல் நாளே நான் பதறிப்போய் எடுத்துவிட்டேன்.

"அய்யோ, எடுத்துட்டியே! காசு போச்சு!"

"பாப்பாக்கு இன்னாக்கா?"

"பாப்பாக்கு ஒண்ணும் இல்ல. தூங்குது. உனக்குத்தான் இன்னமோ ஆயிப்போச்சு. வையி போன."

வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டேன். எவ்வளவு சாப்பிட்டாள், பால் எப்போது கொடுத்தீர்கள், வெளிக்குப் போனாளா, மூக்கு ஒழுகுகிறதா, ஜன்னல் சாத்தியிருக்கிறதா. அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அடுத்த நாளும் அதே கேள்விகள். அதற்கடுத்த நாளும். மூன்றாம் வாரம், "டீச்சரம்மா, நேத்து கேட்ட கேள்விய கேளு, நேத்து சொன்ன பதில சொல்றேன்" என்றார்.

இந்த நேரத்தில்தான் துறைத் தலைவர் எனக்குக் கணினி வலையமைப்புப் பாடத்தைக் கொடுத்தார். அதுவரை எடுத்துக்கொண்டிருந்தவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எனக்கு அந்தப் பாடம் அரைகுறையாகத்தான் தெரியும். கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காகப் படித்தது. ஆகவே பாப்பா தூங்குகிற நேரத்தில், ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, தடிமனான அந்தப் பாடநூலை முதலிலிருந்து படித்தேன். எனக்கே விளங்காததை எப்படி விளங்க வைப்பது என்ற கவலையில் ஒரு பக்கத்தை மூன்று முறை படிப்பேன்.

அதில் ஓ.எஸ்.பி.எஃப் என்று ஒரு பகுதி வரும். ரவுட்டர்கள் என்பவை தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டிகள். அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைகளில் இது ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் தன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த வழி திறந்திருக்கிறது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லும். எல்லாரும் சொல்லி, எல்லாரும் கேட்டு முடித்தால் எல்லாரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். இந்தப் பேச்சைச் சுமந்து போகிற தகவல் பொட்டலங்களுக்குப் பாக்கெட் என்று பெயர். மொத்தம் ஐந்தே வகைதான்.

முதலாவது ஹலோ. அதில் ஊர்ச் செய்தி எதுவும் இருக்காது. நான் இருக்கிறேன், உன் குரல் எனக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். சாதாரணமாகப் பத்து நொடிக்கு ஒரு முறை போய்க்கொண்டே இருக்கும். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் மிஸ்டு கால்.

இரண்டாவது, என்னிடம் என்னென்ன தகவல் இருக்கிறது என்று தலைப்பை மட்டும் காட்டுவது. அதைப் பார்த்துத் தன்னிடம் இல்லாததை மட்டும் கேட்பது மூன்றாவது. கேட்டதைக் கொடுப்பது நான்காவது. வழியில் ஏதாவது மாறினால், கேட்காமலேயே சொல்லவும் அதுதான். ஐந்தாவது வகை, வந்து சேர்ந்தது என்று திருப்பிச் சொல்வது. அந்த ஒப்புதல் வராவிட்டால் அனுப்பியவர் விடமாட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து அதையே மறுபடி அனுப்புவார். பிறகும் வராவிட்டால் மறுபடியும்.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். தூளியை ஆட்டிய கையும் நின்றுவிட்டது போலிருக்கிறது, பாப்பா சிணுங்கினாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா சொல்வார்: "பாப்பாக்கு ஈறு வீங்கினு கீது. பல்லு மொளைக்கப் போவுது." நான் கைகால் கழுவிக்கொண்டே, "பால் குடிச்சாளாக்கா?" என்பேன். அவர், "குடிச்சா. ஈறு வீங்கினு கீதுன்னேன்" என்பார். நான் பாப்பாவைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சுடுதோ?" என்பேன். பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மறுபடியும் சொல்வார். வழியில் என் கணவர் எதிர்ப்பட்டால் அவரிடமும் சொல்வார். சொன்னதையே சொல்கிற பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். கிராமத்துப் பேச்சு அப்படித்தான் என்றுகூட.

ஒரு நாளும் நான் "சரிக்கா" என்று சொன்னதில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா, "இன்னைக்கு செவுத்தப் புடிச்சினு எழுந்து நின்னா" என்றார். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல், "செவுத்தப் புடிச்சினு நின்னாளா? சரிக்கா" என்றேன். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா, உடம்பு கிடம்பு சரியில்லயா உனக்கு?"

ஆனால் நான் அப்படிச் செவிமடுக்கத் தொடங்கியது காலம் கடந்துதான். அதற்கு இரண்டு நாள் முன்பே ஒன்று நடந்துவிட்டது. அன்று மதியம் மிஸ்டு கால் வரத் தாமதமானது. அக்காவின் போனில் சார்ஜ் இல்லையோ என்று, கல்லூரியிலிருந்தே வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்து, "கரண்ட் இருக்கா?" என்று கேட்டேன். கரண்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். என் குரலில் வேறு எதுவும் இருந்ததா, தெரியவில்லை. அந்த அம்மா மாடியேறிப் போய் எட்டிப் பார்த்து, "உங்க தம்பி சம்சாரம் பாக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தம்பியிடம்தான் சொன்னார், நான் அடுப்படியில் இருக்கும்போது, எனக்குக் கேட்கும்படியாக.

"நான் ரெண்டு புள்ள வளத்தவ. என்ன வேவு பாக்க ஆள் வெக்கிறாங்க. வர்ற பௌர்ணமி வரைக்கும் வர்றேன். அப்பால நீங்க வேற ஆள் பாத்துக்குங்க."

"அவ அப்படி நெனச்சிருக்க மாட்டாக்கா."

"நெனச்சாளோ இல்லியோ. பௌர்ணமி வரைக்கும்."

நான் அடுப்படியிலேயே நின்றேன். வெளியே வந்து விளக்கம் சொன்னால் சண்டையாகிவிடுமோ, சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ. யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா பஸ்ஸுக்குப் போய்விட்டார். வேறு ஆள் எங்கே இருக்கிறது? பௌர்ணமி முடிந்தால் என் வேலையும் முடிந்தது. ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன்.

அந்தப் பௌர்ணமி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா வழக்கம்போல வந்தார், பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். பௌர்ணமிதோறும் கிரிவலம் போய் மலையைச் சுற்றுகிறவர் அவர். அன்றும் சாயங்காலம் இங்கிருந்தே கிளம்பிச் சுற்றிவிட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார். திங்கட்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லூரியில் அன்று எனக்கு லேப். இரண்டு பழைய ரவுட்டர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஓ.எஸ்.பி.எஃப் பேச வைக்க வேண்டும். அவை பேசவில்லை. திரையில் பார்த்தால் ஹலோ இரண்டு பக்கமும் போகிறது, வருகிறது. அதற்கு மேல் நகரவில்லை. இரண்டாவது கட்டத்திலேயே, தலைப்புகளைக் காட்டுகிற இடத்திலேயே, மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

"மேடம், வணக்கம் மட்டும் சொல்லிக்குதுங்க. பேச மாட்டேங்குதுங்க" என்றாள் முன்னால் நின்ற ஒரு மாணவி.

"எங்க பெரியப்பாவும் எங்கப்பாவும் மாதிரி மேடம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "கோயில்ல பாத்தா கும்பிடு. வீட்டுக்கு மட்டும் போக மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எங்கே தவறு செய்தேன் என்று ஒவ்வொரு கட்டளையாகத் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது. ஒரே தடவையில் எவ்வளவு பெரிய பாக்கெட்டை ஏற்றுக்கொள்வோம் என்று இரண்டு பக்கமும் ஒரே அளவு வைக்க வேண்டும். ஒரு பக்கம் ஜாஸ்தியாகவும் ஒரு பக்கம் கம்மியாகவும் இருந்தது. ஹலோ சின்னது, எதிலும் நுழைந்துவிடும், அதனால் அது போய்க்கொண்டிருந்தது. அளவைச் சரி செய்ததும், கேட்டல், கொடுத்தல், ஒப்புதல் எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் நடந்து, முழுமை என்று திரையில் வந்தது. பசங்கள் கை தட்டினார்கள். எனக்காக இல்லை, பெட்டிகளுக்காக. ஆனாலும் நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்து, கேபிளைப் பிடுங்கினால் என்னவாகும் என்று காட்டினேன். தொடர்ந்து நான்கு ஹலோ வராவிட்டால், பக்கத்துப் பெட்டி போய்விட்டது என்று முடிவு செய்து, அதன் வழியை அழித்துவிடும்.

அதே மாணவி கேட்டாள்: "மேடம், அந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு, நடுவுல ட்ராஃபிக் ஜாஸ்தியா இருக்குன்னு வெச்சிக்குங்க. அப்பவும் செத்துட்டதுன்னுதான் எடுத்துக்குமா?"

"ஆமாம்மா. அதுக்கு வேற வழி தெரியாது."

சொல்லிவிட்டுக் கைப்பையில் இருந்த போனை எடுத்துப் பார்த்தேன். மிஸ்டு கால் வரவில்லை. வழக்கமான நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. நானே கூப்பிட்டேன். கொய்ங் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி, மறுபடி. பௌர்ணமியன்று ஊரில் லட்சம் பேர் வந்து இறங்கினால் போன் போகாது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால்தானே அதைப் பற்றி ஒரு பெண் கேட்டாள். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

துறைத் தலைவரிடம் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேப நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்கம்மா" என்றார். காரணம் கேட்கவில்லை. அந்த மனிதரை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

திதி காலையிலேயே தொடங்கிவிட்டதால் கூட்டமும் காலையிலேயே தொடங்கிவிட்டது. ஆட்டோ கோயில் பக்கத்திலேயே நின்றுவிட்டது. செங்கம் ரோட்டில் வண்டி விடவில்லை. மலையை வலப்பக்கம் வைத்து நடக்கிற கூட்டம் அந்த ரோட்டில்தான் போகும். எங்கள் வீடும் அதே திசை. கூட்டத்தோடு கூட்டமாக, செருப்பில்லாமல் நடக்கிறவர்களின் காலை மிதிக்காமல், நடையும் ஓட்டமுமாகப் போனேன். வழியில் எத்தனை தடவை போன் அடித்தேனோ.

மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அது ஏன் என்று தெரியவில்லை. வெளியிலிருந்து பூட்டியிருக்கிற கதவு அது. கீழிருந்து வீட்டுக்காரம்மா, "யாரு? நீயா? நீ எப்படி இங்க வந்த?" என்று கத்தினார்.

"அக்கா எங்கம்மா? பாப்பா?"

"உன்னத் தேடினுதான் போயிருக்காங்க. போன் போவலன்னு கீழ வந்து என் போன்லயும் அடிச்சாங்க, அதுவும் போவல. சரி, சாயங்காலம் வரட்டும், சொல்லிக்கலாம்ன்னேன். கேக்கல. 'அவளுக்குத் தகவல் போவலன்னா அவ அங்க நிக்க மாட்டா. பயந்தவ'ன்னாங்க. கொழந்தய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கன்னேன். 'பாத்தாத்தான் நம்புவா'ன்னு தூக்கினு கெளம்பிட்டாங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தேனா என்று நினைவில்லை. அவர் அக்காவிடம் முன்பு சொன்னதைப் பற்றி ஏதாவது கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. எழுந்து நடந்தேன்.

இப்போது நான் போக வேண்டியது எதிர்த்திசை. முழு ரோடும் என் முகத்துக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. "இன்னாம்மா எதிர்ல வர்ற, வலமா போம்மா" என்று ஒரு பெரியவர் அதட்டினார். "வீட்டுக்குப் போறேங்க" என்று பொய் சொன்னேன். ஓரமாக, கடைகளின் கூரை நிழலை ஒட்டி, தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். பௌர்ணமியன்று மலையை இடப்பக்கமாக வைத்து ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார் அவர். மறந்து வைத்துவிட்டு வந்த பையை எடுக்கக்கூடத் திரும்பி நடக்காமல், முழுச் சுற்றும் சுற்றி வந்து எடுத்தவர் என்று என் கணவர் கேலி செய்வார். அந்த அக்கா, என் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, இத்தனை பேருடைய அதட்டலையும் வாங்கிக்கொண்டு, எதிர்த் திசையில் நடந்திருக்கிறார். எங்கேயோ ஓரிடத்தில், இதே ரோட்டில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நாங்கள் தாண்டிப் போயிருக்கிறோம்.

கல்லூரிக்கு ஆட்டோ கிடைக்க வெகு நேரமானது.

லேபுக்கு வெளியே வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டு அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் மாணவிகள். பாப்பா ஒருத்தியின் இடுப்பில் இருந்துகொண்டு இன்னொருத்தியின் துப்பட்டாவை வாயில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"எங்க போன நீ? உன்னத் தேடினு நான் வந்தா, என்னத் தேடினு நீ போயிட்டியாம். நல்லா கீது நம்ம கத."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்:

"பருப்பு சோறு சாப்ட்டா. பூரா சாப்ட்டா. பால் குடிச்சா. தூங்கல, சத்தம் ஜாஸ்தி. மிஸ்டு கால் குடுத்தேன், போவல."

"பருப்பு சோறு சாப்ட்டா. பால் குடிச்சா. தூங்கல. சரிக்கா. தெரிஞ்சிக்கிட்டேன்."

ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லேபில் கேள்வி கேட்டவள் மட்டும், இது ஐந்தாவது வகைப் பாக்கெட் என்று கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, கூட்டத்துல எதிர்ல நடந்து வந்தீங்களே."

"அதுக்கு இன்னா இப்ப? கொழந்த தூக்கினு போறவளுக்கு எதிர் ஏது, நேர் ஏது. சாமி கண்டுக்காது. மூக்கத் தொடச்சிக்க, இத்தன பொண்ணுங்க நிக்குது."

அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று என் வாயில் இருந்தது. திங்கட்கிழமை வருவீர்களா? கேட்டால், வேறு வழியில்லாமல் தலையாட்ட வைத்ததாக ஆகிவிடுமோ என்று விழுங்கினேன். வீட்டுக்காரம்மா விஷயத்தை மட்டும் சொன்னேன். கரண்ட் இருக்கிறதா என்றுதான் கேட்டேன் என்று. அக்கா பாப்பாவின் வாயிலிருந்து துப்பட்டாவை உருவினார்.

வகுப்பு முடிந்து மூவரும் ஆட்டோவில் ஊருக்குள் வந்தோம். கோயில் பக்கத்தில் இறங்கியதும் அக்கா பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஒரு மஞ்சப்பையில் போட்டு என் கையில் திணித்தார். அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கெழம ஒரு பஸ்ஸு விட்டு அடுத்த பஸ்ஸுலதான் வருவேன்" என்றார். "மல்லாட்ட புடுங்க ஆள் வராங்க, அவங்களுக்கு வேல காட்டிட்டு வரணும். முன்னாடியே சொல்லிட்டேன். வர்லயேன்னு நீ பாட்டுக்கு எங்கியாவது கெளம்பிடாத."

"அடுத்த பஸ்ஸு. சரிக்கா."

"ம்" என்றார். கூட்டத்தில் நுழைந்து, வலப்பக்கம் திரும்பி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எல்லாரும் போகிற திசையில் நடக்க ஆரம்பித்தார்.